எழுத்தாளனின் சோர்வு யாருடையது?

எழுத்தாளனின் கடமைகளைப் பற்றி முற்போக்கு இலக்கிய வட்டாரங்களில் நாம் நிறையவே பேசியிருக்கின்றோம். யாருக்காக எழுதுவது, எதனை எழுதுவது, உருவமா உள்ளடக்கமா என்ற வினாக்கள் மேடைகளிலும் ஏடுகளிலும் பல்லாண்டு காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. ஆனால் எழுதியதை ஒருவரும் ஏற்காதபோது எழுத்தாளன் என்ன செய்வது என்ற வினாவை மட்டும் தனிமனிதனின் மனநிலையைச் சார்ந்ததென நாம் ஒதுக்கிவிடுகின்றோம். சோர்வு என்பது அவனவன் வீட்டு விவகாரம். அதிலே கொள்கைக்கு இடமில்லை என்பது நம்மிடையே சொல்லாமலே நிலவிவரும் கருத்தாகும்.

இக்கருத்தை நாம் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். பகலெல்லாம் பாடசாலையிலே கற்பித்துவிட்டு இரவிலே எழுதும் ஆசிரியர்களும், விடுதி அறையிலிருந்து எழுதும் மாணவர்களும், வேலைத்தலத்தின் களைப்போடு எழுதும் தொழிலாளரும் நம்மிடையே உள்ளனர். இவர்களுடைய எழுத்து இரண்டு முறை, மூன்று முறை திரும்பி வருகின்றது. அல்லது ஏற்பும் மறுப்புமின்றி எங்கோ மறைந்துவிடுகின்றது. நான்காம் முறை அவர்கள் எழுதுவதில்லை. வசதி படைத்தவனோ எவர் மறுத்தாலும் தன் நூலைத் தன் பணத்திலே அச்சிட்டு, வெளியீட்டு விழாவும் நடத்திக்கொள்கின்றான். ஆகவே, சோர்வு எல்லோரையும் ஒருங்கே தாக்கினாலும் அது எல்லோரையும் ஒருங்கே வீழ்த்துவதில்லை. யார் எழுதுவதை நிறுத்துகின்றார்கள், யார் தொடர்கின்றார்கள் என்பதற்கும் சமுதாய அமைப்பிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஓர் ஆசிரியர் எழுதுவதை நிறுத்தும்போது அவர் மட்டும் மௌனமாவதில்லை. அவர் ஒருவரே அறிந்திருந்த ஒரு கிராமமும், அங்குள்ள மக்களின் வாழ்வும் அவரோடு சேர்ந்து மௌனமாகின்றன.

எனவே இது அறவியல் சார்ந்த ஒரு வினா. அதுவும் இருமுனைகளைக் கொண்ட வினா. ஒருவரும் கேளாதபோதும் தொடர்ந்து எழுதுவதற்கு ஒருவனுக்கு என்ன உரிமை உண்டு? ஒருவரும் கேட்கவில்லை என்பதற்காக எழுதுவதை நிறுத்திவிடுவதற்கு அவனுக்கு என்ன உரிமை உண்டு?

இவ்வினாவிற்கு வழக்கமாகத் தரப்படும் விடை ஓர் ஆறுதல் மொழியாகும். "திறமை இருந்தால் உலகம் ஒருநாள் கண்டுகொள்ளும்; காலம் தீர்ப்பளிக்கும்" என்று பெரியோர் சொல்வர். இதற்கு உதாரணமாகப் பெரும்பாலும் காட்டப்படுபவர் அமெரிக்க நாவலாசிரியர் ஹேர்மன் மெல்வில். கடற்பயண நூல்களால் முன்னரே புகழ் பெற்றிருந்த அவர், 1851ஆம் ஆண்டில், தம் முப்பத்திரண்டாம் வயதிலே, 'மோபி டிக்' என்னும் நாவலை வெளியிட்டார். அது விலைபோகவில்லை. விமர்சகர் பலர் அதனைப் புரிந்துகொள்ளவில்லை. 1857ஆம் ஆண்டிற்குப் பின்னர் அவர் வாழ்ந்த காலத்தில் அவருடைய நாவல் வேறெதுவும் வெளிவரவில்லை. 1866 முதல் பத்தொன்பது ஆண்டுகள் நியூயோர்க் துறைமுகத்திலே, நாளொன்றுக்கு நான்கு டொலர் ஊதியத்திற்கு, சுங்கப் பரிசோதகராக உழைத்தார். 1891இல், ஏறத்தாழ மறக்கப்பட்டவராகவே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்களிடையே கிடந்த 'பில்லி பட்' என்ற குறுநாவல் 1924இலேதான் அச்சேறியது. இன்றோ 'மோபி டிக்' உலகப் பெருநாவல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது.

காலம் தீர்ப்பளித்துவிட்டது என்று சொல்வதற்கு இது வாய்ப்பான கதைதான். ஆயினும் அத்தீர்ப்பினால் மெல்வில் அடைந்த பயன் யாது? சுங்கச் சாவடியிலே கழிந்த அந்தப் பத்தொன்பது ஆண்டுகளை எந்தத் தீர்ப்பு அவருக்கு மீட்டுக் கொடுத்தது? அக்காலத்தில் அவர் எழுதியிருக்கக்கூடிய நாவல்களை நமக்கு யார் தருவார்? இவற்றினும் முக்கியமானது வேறொன்றுண்டு. மெல்விலின் கையெழுத்துப் பிரதியை அவருடைய குடும்பத்தார் பேணி வைத்திருந்தனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அதனைத் தேடிச் சென்று படித்தார். அவ்வாறு பேணப்படாதவை எத்தனை, தேடப்படாதவை எத்தனை என்பதை நாம் அறியோம், அறியவும் இயலாது. பிழைத்து வந்தவற்றை மட்டும் கண்டுவிட்டுத் தகுதியுள்ளதெல்லாம் பிழைத்துவிடும் என்று முடிவு செய்வது, கரை சேர்ந்த தோணிகளை எண்ணிவிட்டுக் கடல் எவரையும் விழுங்குவதில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

காலம் என்று நாம் இங்கே குறிப்பிடுவது உண்மையில் மனிதரையே. யாரோ ஒருவர் பெட்டியைத் திறக்க வேண்டும். யாரோ ஒருவர் படிக்க வேண்டும். யாரோ ஒருவர் பதிப்பிக்க வேண்டும். மனிதர் செய்ய வேண்டிய வேலையைக் காலத்தின் தலையிலே சுமத்திவிட்டு நாம் கைகட்டி நிற்பது நேர்மையாகாது. இப்பொய்யாறுதலை முதலில் ஒதுக்கிவைத்தால்தான் மெய்யான ஊக்கம் எங்கே உள்ளதென நாம் தேட முடியும்.

அதற்கு முன்னர், மறுப்புக்களெல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மெல்விலுக்கு நேர்ந்தது சந்தையின் மறுப்பு. பிரேம்சந்திற்கு நேர்ந்ததோ அதிகாரத்தின் மறுப்பு. தனபத்ராய் என்ற இயற்பெயரைக் கொண்ட அவர் பிரித்தானிய ஆட்சியின் கீழே பாடசாலைகளைப் பரிசோதிக்கும் உத்தியோகம் பார்த்தவர். நவாப்ராய் என்னும் புனைபெயரில் அவர் உருது மொழியிலே எழுதி 1908இல் வெளியிட்ட 'சோஸே வதன்' என்ற கதைத் தொகுதி இராசத் துரோகமானதெனக் கருதப்பட்டது. மேலதிகாரி அவரை அழைத்து விசாரித்தார். பிரதிகள் எரிக்கப்பட்டன. உத்தியோகமும் குடும்பமும் உள்ள ஓர் எளிய மனிதன் அத்துடன் அடங்கிவிடுவான் என்றே ஆட்சியாளர் எண்ணியிருப்பர். ஆனால், கான்பூரிலிருந்து வெளிவந்த 'ஸமானா' சஞ்சிகையின் ஆசிரியர் தயா நாராயண் நிகம் அவருக்குப் புதிய பெயரொன்றைச் சொன்னார். 1910இல் பிரேம்சந்த் என்ற அப்பெயருடன் அவர் மீண்டும் எழுதலானார். 1936இல் லக்னோவிலே அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும், அதே ஆண்டில் 'கோதான்' நாவலைத் தந்தவரும் அந்தப் பிரேம்சந்தே. அவரை உலகம் அறிந்த பெயரே ஒரு மறுப்பின் விளைவாகும்.

அதிகாரத்தின் மறுப்புக் கொடியது. எனினும் அதற்குள்ளே ஓர் ஒப்புதலும் அடங்கியிருக்கின்றது. எரிப்பதற்காகவேனும் அவர்கள் அந்நூலைக் கணக்கில் எடுத்தார்கள் அல்லவா? எதிர்ப்பவன் நம் குரல் கேட்டது என்பதற்குச் சாட்சியாகிறான். இவை எல்லாவற்றிலும் தாங்க முடியாதது வேறொன்று: ஏற்பவரும் இல்லை, எதிர்ப்பவரும் இல்லை என்ற நிலை. அந்நிலையை முழுமையாக அனுபவித்து, அதனைப் பற்றி ஆழமாகச் சிந்தித்து, நம் வினாவிற்கு ஒரு விடையையும் விட்டுச்சென்றவர் சீனத்தின் லூ சுன். நம் நாட்டவரான கே. கணேஷ் இவருடைய கதைகளைத் தமிழிலே தந்திருப்பதால் ஈழத்து வாசகருக்கு அவர் அந்நியரல்லர்.

ஜப்பானிலுள்ள சென்டாய் நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த லூ சுன், 1906ஆம் ஆண்டு அப்படிப்பை இடைநிறுத்தினார். தம் நாட்டு மக்களின் உடலைக் காட்டிலும் உள்ளத்திற்கே மருத்துவம் தேவை என்றும், அதற்கு இலக்கியமே ஏற்ற கருவி என்றும் அவர் நம்பினார். தோக்கியோவிற்கு வந்து, நண்பர் சிலருடன் சேர்ந்து, 'புதுவாழ்வு' என்ற சஞ்சிகையை வெளியிடத் திட்டமிட்டார். வெளியீட்டு நாள் நெருங்கியபோது எழுதுவதாகச் சொன்ன சிலர் மறைந்தனர். பின்னர் பணம் தருவதாகச் சொன்னவரும் விலகினார். கையிற் காசில்லாத மூவர் மட்டுமே எஞ்சினர். புதுவாழ்வு பிறவாமலே இறந்தது.

1909இல் அவரும் அவருடைய தம்பியும் பிறநாட்டுச் சிறுகதைகளைச் சீனத்திலே பெயர்த்து இரு தொகுதிகளாக வெளியிட்டனர். கிழக்கு ஐரோப்பாவின் ஒடுக்கப்பட்ட மக்களின் கதைகளும் ருஷ்யக் கதைகளும் அவற்றில் இடம்பெற்றிருந்தன. தோக்கியோவில் முதலாம் தொகுதி இருபத்தொரு பிரதிகளும் இரண்டாம் தொகுதி இருபது பிரதிகளும் விற்பனையாயின. முதலாம் தொகுதியில் அந்த ஒரு பிரதி ஏன் கூடுதலாக விற்றது என்பதையும் லூ சுன் பிற்காலத்திலே விளக்கியுள்ளார். கடைக்காரர் குறித்த விலைக்கு மேலே வாங்குகின்றாரோ என்று சோதிப்பதற்காக அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவரே சென்று ஒரு பிரதி வாங்கினாராம். கடைக்காரர் நேர்மையானவர் என்று தெரிந்தமையால் இரண்டாம் தொகுதிக்கு அச்சோதனை தேவைப்படவில்லை. ஷங்காயிலும் ஏறக்குறைய இருபது பிரதிகளே விலைபோயின. எஞ்சியவை அங்கே ஒரு கடையிற் கிடந்து, சில ஆண்டுகளின் பின்னர்த் தீப்பற்றி எரிந்து சாம்பலாயின.

எதிர்ப்பாவது எழுந்திருந்தால் போராடியிருக்கலாம்; பாராட்டாவது கிடைத்திருந்தால் முன்னேறியிருக்கலாம்; எல்லையற்ற பாலைவெளியிலே தனித்து நின்று கூவியவனின் நிலை தமக்கு நேர்ந்தது என்ற கருத்துப்பட அவர் அக்காலத்தைப் பின்னர் நினைவுகூர்ந்தார். நாடு திரும்பியபின், 1912 முதல் பீக்கிங்கிலே கல்வி அமைச்சில் உத்தியோகம் பார்த்தார். தம் ஊரவர் தங்கும் விடுதியொன்றில் அறை எடுத்து, இரவு வேளைகளிலே பழைய கல்வெட்டுக்களைப் பிரதி செய்துகொண்டிருந்தார். 1911ஆம் ஆண்டுப் புரட்சி மன்னராட்சியை வீழ்த்திய போதிலும் மக்கள் வாழ்வை மாற்றவில்லை என்ற ஏமாற்றமும் அவரைச் சூழ்ந்திருந்தது. எதையும் நினையாதிருப்பதற்காகவே அவர் கல்வெட்டுக்களிலே தம்மைப் புதைத்துக்கொண்டார். அவருக்கு வயது முப்பதைக் கடந்து நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்நிலையிலே சியென் சுவான்தொங் என்ற நண்பர் அவ்விடுதிக்கு அடிக்கடி வந்துபோகலானார். 'புதிய இளைஞன்' என்னும் சஞ்சிகையின் குழுவைச் சேர்ந்தவர் அவர். இந்தப் பிரதிகளைச் செய்வதனால் என்ன பயன் என்று ஒருநாள் அவர் கேட்டார். ஒரு பயனும் இல்லை என்பதே விடையாக இருந்தது. அப்படியானால் எங்களுக்காக ஏதாவது எழுதலாமே என்றார் நண்பர். அப்போது லூ சுன் சொன்ன உவமையே இரும்பு வீட்டு உவமை. சாளரம் இல்லாத, தகர்க்க இயலாத ஓர் இரும்பு வீடு. அதனுள்ளே பலர் ஆழ்ந்து உறங்குகின்றனர். விரைவிலே மூச்சுத் திணறி இறக்கப் போகின்றனர். உறக்கத்திலே இறப்பதால் வேதனையை அறியார். நாம் கூவி எழுப்பினால் மென்துயிலில் உள்ள சிலர் மட்டும் விழிப்பர். தப்ப வழியின்றித் துடித்துச் சாவர். அவர்களுக்கு நாம் செய்தது நன்மையா என்று கேட்டார் லூ சுன். சிலர் விழித்தெழுந்துவிட்டால் வீட்டைத் தகர்க்க நம்பிக்கையே இல்லையென எவ்வாறு சொல்ல முடியும் என்பது நண்பரின் மறுமொழி.

இந்த இடத்தில் லூ சுன் மேற்கொண்ட தருக்கமே நம் கட்டுரையின் மையமாகும். நண்பரின் சொல்லால் அவருக்கு நம்பிக்கை பிறந்துவிடவில்லை. தம் அவநம்பிக்கை நியாயமானதென்றே அவர் தொடர்ந்தும் கருதினார். ஆயினும் நம்பிக்கை என்பது எதிர்காலத்தைச் சேர்ந்தது. இறந்தகாலத்தில் தமக்கு நேர்ந்த தோல்விகளைச் சான்றாகக் காட்டி, எதிர்காலத்தைப் பற்றிய நண்பரின் நம்பிக்கையை மறுக்க இயலாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆகவே எழுத இசைந்தார். 1918ஆம் ஆண்டு மே மாதம் 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' வெளிவந்தது. லூ சுன் என்ற புனைபெயரும் அக்கதையோடுதான் பிறந்தது. நவீன சீனச் சிறுகதையின் வரலாறும் அங்கிருந்தே தொடங்குகின்றது.

ஊக்கத்தைப் பற்றி நாம் வழக்கமாகக் கொண்டுள்ள கருத்தை இது தலைகீழாக்குகின்றது. நம்பிக்கை முதலில் வர வேண்டும், அதன் பின்னரே செயல் வரும் என்று நாம் எண்ணுகின்றோம். எனவேதான் சோர்வுற்றவனிடம் "நம்பிக்கையோடிரு" என்று உபதேசிக்கின்றோம். அவனோ தன் உள்ளத்திலே இல்லாத நம்பிக்கையை எங்கிருந்து வரவழைப்பான்? லூ சுன் அத்தகைய நம்பிக்கையைத் தம்மிடமிருந்து கோரவில்லை. தம் சோர்வின் எல்லையை மட்டுமே வரையறுத்தார். எனக்கு நேர்ந்தவற்றைப் பற்றி என் சோர்வு உண்மை பேசலாம். மக்களைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதியில்லை. இருபத்தொரு பிரதிகள் விற்றன என்பது மெய். விழிக்கக்கூடியவர் எவருமே இல்லை என்பது அந்த மெய்யிலிருந்து பெறப்படும் முடிவன்று.

மறுக்கப்பட்ட எழுத்தாளன் மிக எளிதாகத் தவறும் இடம் இதுவே. "என் எழுத்தை ஏற்கவில்லை" என்பது ஓர் அனுபவம். "மக்களுக்கு இலக்கியம் வேண்டியதில்லை, இந்தச் சமுதாயம் திருந்தாது" என்பது ஒரு கோட்பாடு. முன்னையதிலிருந்து பின்னையதற்கு அவன் தன்னை அறியாமலே தாவிவிடுகின்றான். நேற்று வரை மக்கள் மீது பற்றுக் கொண்டிருந்தவன் இன்று மக்களை இகழத் தலைப்படுகின்றான். சோர்வு அவனுடைய உடைமையாக இருக்கும் வரையில் அது வருந்தத்தக்கது மட்டுமே. அதனை மக்களைப் பற்றிய அறிவாக அவன் மாற்றிக்கொள்ளும்போதுதான் அறவழுவாகின்றது. தன்னம்பிக்கை உடையவனாக இருப்பது எழுத்தாளனின் கடமையன்று. தன் ஏமாற்றத்தைப் பிறர்மீது தீர்ப்பாகச் சுமத்தாதிருப்பது அவனுடைய கடமையாகும்.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, உள்ளத்திலே நம்பிக்கை இல்லாதவன் நம்பிக்கையூட்டும் வகையிலே எழுதுவது பொய்யல்லவா என்பது. இது அற்பமான ஆட்சேபமன்று. லூ சுன்னும் இதனை எதிர்கொண்டார். 1919இல் அவர் எழுதிய 'மருந்து' என்ற கதையிலே, கொல்லப்பட்ட புரட்சியாளனின் கல்லறையில் யாரோ மலர்வளையம் வைத்திருப்பதாக ஒரு காட்சி வருகின்றது. கதையின் போக்கிலே அம்மலர்கள் தாமாக முளைக்கவில்லை. தாமே அவற்றை வலிந்து வைத்ததாக அவர் வெளிப்படையாகவே சொன்னார். தாம் இளமையிலே கண்டதைப் போன்ற கனவுகளை இன்று கண்டுகொண்டிருக்கும் இளைஞரைத் தம் தனிமை தொற்றிவிடலாகாது என்பதே அவர் தந்த காரணம்.

இதனைப் பொய்யென்று நாம் கருதவில்லை. கதையிலே அந்தப் புரட்சியாளன் பிழைத்தெழவில்லை. மக்களின் அறியாமை மறைக்கப்படவில்லை. காசநோய்க்கு மருந்தென்று அவன் குருதி தோய்ந்த ரொட்டியை உண்ட சிறுவனும் இறந்தே போகின்றான். நிகழ்ந்த கொடுமையில் ஓர் அணுவும் குறைக்கப்படவில்லை. அவனை நினைப்பவர் எங்கோ ஒருவர் இருக்கக்கூடும் என்ற அளவிலேயே ஆசிரியர் நின்றுவிட்டார். கொடுமையை மறைத்து இன்பமுடிவு கூறுவது பொய். முடிவு இன்னும் எழுதப்படவில்லை என்று கூறுவது பொய்யன்று. நம்மிடையே எழுதப்பட்ட முற்போக்குக் கதைகள் சிலவற்றில் இறுதிப் பந்தியிலே திடீரெனச் செங்கொடி பறப்பதைக் கண்டிருக்கின்றோம். அந்தக் கொடிக்கும் இந்த மலர்வளையத்திற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுவோர் ஆழ்ந்து நோக்குதல் நன்று.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடுமையானது. விடாமுயற்சியே அறமென்றால், திறமையற்றவனின் பிடிவாதமும் அறமாகிவிடாதா? தன் கதை திரும்பி வரும்போதெல்லாம், "நான் முற்போக்குவாதி; ஆகவே பிற்போக்காளர் என்னை மறுக்கின்றனர்" என்று ஒருவன் தன்னைத் தேற்றிக்கொள்ளலாமே? அத்தகையோர் நம்மிடையே இல்லாமலில்லை. கொள்கை சரியாக இருப்பதனாலேயே கதையும் நன்றாக இருந்துவிடும் என எண்ணுவது கொள்கைக்கே இழைக்கும் தீங்காகும். உழைப்பாளியின் துயரைப் பற்றிய ஒரு மோசமான கதை உழைப்பாளிக்கு எந்த விதத்திலும் உதவுவதில்லை.

இதற்கும் லூ சுன்னின் வாழ்விலேயே விடை உண்டு. 1909இல் இருபத்தொரு பிரதிகள் விற்ற அந்தத் தொகுதிகள் பழைய இலக்கிய நடையிலே, அதுவும் கற்றவரும் எளிதிற் புரிந்துகொள்ளாத இறுகிய நடையிலே, பெயர்க்கப்பட்டவை. மக்களின் உள்ளத்தை மாற்ற விரும்பியவர் மக்களிற் பெரும்பாலோர் படிக்க முடியாத மொழியில் எழுதினார்! 1918இல் வெளிவந்த 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' பேச்சுமொழியைத் தழுவிய புதிய நடையிலே அமைந்தது. பெயர்ப்பிலிருந்து சொந்தப் படைப்பிற்கும், பழைய நடையிலிருந்து புதிய நடைக்கும் அவர் பெயர்ந்தார். தாம் ஒருமுறை கையசைத்தால் கூட்டம் திரளும் வீரர் அல்லர் என்பதைத் தோல்வி தமக்குக் கற்பித்ததாகவும் அவர் சொன்னார். தோல்வி சொன்னவற்றுள் "நீ நிறுத்து" என்பதை அவர் இறுதியில் ஏற்கவில்லை. "நீ மாறு" என்பதை ஏற்றார்.

மறுப்பைப் பகுத்துப் பார்க்கும் அறிவு என்பது இதுவே. திரும்பி வந்த ஒவ்வோர் எழுத்திடமும் நாம் இரு வினாக்களைக் கேட்கலாம். இம்மறுப்பு என் எழுத்தின் குறையைச் சுட்டுகின்றதா, அல்லது நான் எழுதிய வாழ்வையே மறுக்கின்றதா? முன்னையதாயின் அது நமக்குக் கிடைத்த பாடம். நன்றியோடு பெற்றுத் திருத்த வேண்டியது. பின்னையதாயின் அதற்குப் பணிவது நாம் யாரை எழுதினோமோ அவரைக் கைவிடுவதாகும்.

ஈழத்து இலக்கிய வரலாற்றிலே இவ்வேறுபாடு தெளிவாகவே துலங்கிய காலம் ஒன்று உண்டு. அறுபதுகளின் தொடக்கத்திலே, உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிலே கையாண்டவர்களை, 'இழிசனர் வழக்கை' இலக்கியத்திற் புகுத்துவோரெனப் பண்டிதர் சிலர் பழித்தனர். சொற்களைப் பற்றிய விவாதம் போல அது தோன்றிற்று. உண்மையில், அச்சொற்களைப் பேசும் மனிதர் இலக்கியத்தினுள் நுழையலாமா என்பதே அங்கு எழுந்த வினா. அம்மறுப்பிற்கு எழுத்தாளர் இணங்கியிருப்பின் ஈழத்துத் தமிழ்ச் சிறுகதை இன்றைய வடிவிலே இருந்திராது. அதே வேளையில், பேச்சுமொழியைப் பதிவு செய்வது மட்டுமே கலையாகிவிடாது என்று நண்பர் சொன்ன குறையைச் செவிமடுத்தவர்களே பின்னர் சிறந்த கதைகளைத் தந்தனர். பண்டிதரின் பழிப்பையும் நண்பரின் குறிப்பையும் ஒன்றாகக் கருதி இரண்டையும் தள்ளியவர் வளரவில்லை. ஒன்றாகக் கருதி இரண்டிற்கும் பணிந்தவரும் வளரவில்லை.

இதுவரை எழுதுவோனைப் பற்றியே பேசினோம். ஆனால் லூ சுன்னின் கதையிலே நாம் கடந்து சென்றுவிடக் கூடாத மற்றொருவர் இருக்கின்றார். விடுதி அறைக்கு வந்து கதவைத் தட்டிய அந்த நண்பரே அவர். அவர் வராதிருந்தால்? லூ சுன்னின் உறுதி எத்தகையதாயினும், பல ஆண்டுகளாக அவர் கல்வெட்டுக்களையே பிரதி செய்துகொண்டிருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. தனிமனிதனின் மனவலிமை ஒன்றே போதுமென்பது உண்மையானால் அந்த ஆண்டுகள் அவ்வாறு கழிந்திருக்க வேண்டியதில்லை. அவரைக் கேட்பதற்கு ஒரு மனிதரும், அவர் எழுதியதை வெளியிட ஒரு சஞ்சிகையும், அதனைப் படிப்பதற்கு ஓர் இளைய தலைமுறையும் தேவைப்பட்டன. பிரேம்சந்திற்குப் புதிய பெயர் சொன்னவரும் ஒரு பத்திரிகாசிரியரே. மெல்விலின் துறைமுகத்திற்கோ அப்படி எவரும் வரவில்லை.

தட்டப்பட்ட கதவின் பெறுமதியை லூ சுன் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1934இல், ஊர் பேர் அறியாத இரு இளம் எழுத்தாளர் அவருக்குக் கடிதம் எழுதினர். அவர் மறுமொழி எழுதினார். அவ்விருவருள் ஒருவரான ஷியாவோ ஹொங் என்ற பெண் எழுதிய நாவலைத் தணிக்கையாளர் மாதக்கணக்கில் வைத்திருந்து, பின்னர் அனுமதி மறுத்தனர். 1935இல் அது லூ சுன்னின் முன்னுரையோடு, அனுமதி இன்றியே வெளிவந்தது. தாம் நோயுற்றிருந்த, மறைவுக்கு முந்திய ஆண்டிலே அவர் செய்த பணி இது. இருபத்தொரு பிரதிகளின் வேதனையை அறிந்த ஒருவர் அவ்வேதனையை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க மறுத்தார் என்றே இதனை நாம் கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் இப்பணியைச் செய்தவர் உள்ளனர். சிகை அலங்கரிப்புத் தொழிலிலிருந்து வந்த டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுதி 1960இலே வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. சாதியின் பெயரால் நேர்ந்த இழிவுகளையெல்லாம் கடந்து எழுதிய அவர், அப்பரிசோடு நிறைவடைந்திருக்கலாம். அவரோ 1966 ஆகஸ்டிலே யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். அதனைக் கையிலே சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்றார். யுத்தத்தினூடாகவும் இடப்பெயர்வினூடாகவும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வேடு வெளிவந்தது. முதன்முதலாகத் தம் பெயரை அச்சிலே கண்ட எத்தனையோ பேருக்கு அதன் பக்கங்களே இடமளித்தன. தமக்கு அடைக்கப்பட்டிருந்த வாயிலைத் திறந்துகொண்ட ஒருவர், பின்வருவோருக்காக அதனைத் திறந்தபடியே பிடித்திருந்தார்.

எனவே எழுத்தாளனின் சோர்வு அவனுக்கு மட்டும் உரியதன்று. அதனை உண்டாக்குவதில் சமுதாயத்திற்குப் பங்கிருக்கின்றது. அதனைப் போக்குவதிலும் சமுதாயத்திற்குப் பங்கிருத்தல் வேண்டும். இந்தப் பங்கு பெரிய காரியங்களையே குறிப்பதன்று. வகுப்பிலே ஒரு மாணவி எழுதிய கட்டுரையில் உயிருள்ள வசனம் ஒன்று காணப்படுமாயின், அதனை அவளுக்குச் சுட்டிக்காட்டுவது ஆசிரியருக்கு இயலாததன்று. கதையைத் திருப்பியனுப்பும் பத்திரிகாசிரியர், ஏன் திருப்புகின்றோம் என்று இரண்டு வரி எழுதுவது பெருஞ்செலவு ஆவதன்று. நல்லதொரு கதையைப் படித்த வாசகர், அதனை எழுதியவருக்குத் தபாலட்டையிலோ மின்னஞ்சலிலோ தம் கருத்தைத் தெரிவிப்பதும் அத்தகையதே. குறையைச் சொல்லும் கடிதமாயினும் பாதகமில்லை. ஒருவர் படித்தார், படித்துச் சிந்தித்தார் என்ற செய்தி அதிலே இருக்கின்றது. மௌனத்தில் அது இல்லை.

எழுதுவோருக்கு நாம் சொல்லக்கூடியதும் சிலவே. நிச்சயம் வெற்றி பெறுவீர்கள் என்று நாம் வாக்குறுதி அளிக்கமாட்டோம். அது நம்மிடம் இல்லாத பொருள். நம்பிக்கையோடிருங்கள் என்றும் கட்டளையிடமாட்டோம். சோர்ந்திருக்கும் நாளிலே சோர்ந்திருங்கள். ஆனால் அச்சோர்வை மக்களைப் பற்றிய தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள். திரும்பி வந்த பிரதியை மறுபடி படியுங்கள். திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். திருத்தக்கூடாததைத் திருத்தாதீர்கள். உங்களைப் போலவே மறுக்கப்பட்ட இன்னொருவரைத் தேடிச் சென்று அவர் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அடுத்த கதையைப் பெரும்பாலும் அந்த உரையாடலே எழுதவைக்கும்.